கடலில்லா நாட்டில் ஒரு டின் மீனின் விலை

உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் துறைமுகம் எதிலும் இல்லை, ஜெனீவாவில் இருக்கிறது. சொந்தமாக ஒரு சாண் கடற்கரைகூட இல்லாத சுவிட்சர்லாந்தில்! எம்.எஸ்.சி. என்ற மூன்றெழுத்தைத் தாங்கிய அதன் பெட்டிகளைப் பார்க்காத துறைமுகம் அரிது. சூரிச்சில் ஒரு பேரங்காடிக்குள் போய் சூரை மீன் டின் ஒன்றை எடுத்துத் திருப்பினால் அங்கேயும் நீல முத்திரையில் அதே எம்.எஸ்.சி. இருக்கும். முன்னது கப்பல் நிறுவனம். பின்னது கடலை வழித்துத் துடைக்காமல் மீன் பிடித்தவர்களுக்குத் தரப்படும் சான்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் ஒருமுறையாவது குழம்புகிறார்கள்.

இந்த நாட்டுக்கும் கடலுக்கும் உள்ள உறவே சற்று வேடிக்கையானது. 1941 முதல் சுவிஸ் கொடியோடு கடலில் கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றின் தாய்த் துறைமுகம் பாசல், அதாவது ரைன் ஆற்றங்கரை நகரம் ஒன்று. மீனைப் பொறுத்தவரை இங்கே ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு கிலோ சாப்பிடுகிறார். ஏரிகளில் கிடைக்கும் எக்லியும் ஃபெல்ஹெனும் உணவு விடுதிகளின் பெருமைக்குப் போதும், நாட்டின் பசிக்குப் போதாது. உண்ணும் மீனில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதில் டின், புகையூட்டியது, உப்பிட்டது, உலர்த்தியது என்று பதப்படுத்திய சரக்குக்குத் தனிச் சந்தையே உண்டு.

விலை ஏன் இப்படி என்று கேட்டால் கடைக்காரர் முதல் இறக்குமதி முகவர் வரை எல்லோரிடமும் ஒரே பதில்: "கடல் எங்கேயோ இருக்கிறது, வண்டிச் சத்தம் ஏறிவிடுகிறது." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் நிற்பதில்லை.

எண்ணைப் படிப்பதற்கு முன்

இறக்குமதி விலை என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அது பெரும்பாலும் எந்த வியாபாரியும் கொடுத்த விலையாக இருக்காது. சுங்கத் துறை பதிவு செய்த மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்து வந்த சராசரி அது. அலகு மதிப்பு என்பார்கள். சுவிஸ் சுங்கத் துறையின் 'சுவிஸ்-இம்பெக்ஸ்' தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இதைப் பார்க்கலாம். எட்டு இலக்கக் குறியீடு, மாதம், நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் எடையும் ஃபிராங்கும் வந்துவிடும். வகுப்பது எளிது. என்னத்தை வகுக்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் பாடு.

உலகம் முழுவதும் பொதுவான ஆறு இலக்கக் குறியீடுகளில் 1604 என்று தொடங்குபவை பதப்படுத்திய மீன்கள். 1604.13 மத்தி, 1604.14 சூரை, 1604.15 கானாங்கெளுத்தி, 1604.16 நெத்திலி வகை, 1604.31 கேவியர். 1605 என்பது இறால், நண்டு, கணவாய், சிப்பி. இதைப் பார்த்துவிட்டு "1604 என்றால் டின் மீன்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அங்கேதான் முதல் சறுக்கல். ரொட்டித்தூள் புரட்டி உறையவைத்த மீன் துண்டுகள், குழந்தைகள் விரும்பும் மீன் விரல்கள் உட்பட, இதே 1604-இல்தான் விழுகின்றன. புகையூட்டிய சால்மனோ இதில் கிடையாது. அது 0305.41. உப்பிட்ட காட் மீன் 0305.62. ஓடு உரித்து வேகவைத்த இறால் 1605-க்குப் போகும், ஓட்டோடு வெறுமனே வேகவைத்தது 0306-இலேயே நின்றுவிடும். 1604-ஐ மொத்தமாக எடுத்து வகுத்தால், கிலோவுக்குச் சில ஃபிராங்க் விலையுள்ள மீன் விரலும் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் போகும் கேவியரும் ஒரே பானையில் வெந்து ஒரு சராசரி வரும். டிசம்பரில் கேவியர் கொஞ்சம் கூடுதலாக வந்தாலே "மீன் விலை ஏறிவிட்டது" என்று அந்த எண் சொல்லும். மத்தி டின்னின் விலையோ அசைந்தே இருக்காது.

இரண்டாவது சறுக்கல் எடையில். சுங்கக் கணக்கில் வரும் எடைக்குள் டின்னில் இருக்கும் எண்ணெயும் உப்புநீரும் அடங்கும். 160 கிராம் என்று அச்சிட்ட சூரை டின்னை வடித்தால் 112 கிராம் மீன் இருக்கலாம். அதன் பக்கத்திலேயே 185 கிராம் டின் ஒன்று, வடித்த எடை 120 கிராம். பெரிய டின்னில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்தில் விலையை வடித்த எடைக்கே பேச வேண்டும். லேபிளில் அந்த எடை சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் படிப்பது கண்ணுக்கு வேலை, பைக்கு லாபம்.

மூன்றாவது, நாட்டின் பெயர். சுவிஸ் புள்ளிவிவரம் சரக்கு கடைசியாக எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்காமல், எங்கே உருவானது என்றுதான் எழுதும். ராட்டர்டாம் கிடங்கில் வாங்கினாலும் தாய்லாந்துச் சூரை தாய்லாந்துக் கணக்கில்தான் ஏறும். ஆனால் அந்த மீன் தாய்லாந்துக் கடலில் நீந்தியது என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு பசிபிக்கில் பிடித்து, உறையவைத்து, தாய்லாந்து ஆலைக்குக் கொண்டுவந்து வேகவைத்து அடைக்கிறார்கள். பல டின்களில் எஃப்.ஏ.ஓ. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். 71 என்றால் மேற்கு-மத்திய பசிபிக், 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், 34 என்றால் மொராக்கோவை ஒட்டிய அட்லாண்டிக், 37 என்றால் மத்தியதரைக் கடல். அதே லேபிளில் முட்டை வடிவ முத்திரை ஒன்றும் இருக்கும். அதற்குள் இருக்கும் நாட்டுச் சுருக்கமும் எண்ணும் ஆலையைக் காட்டும். முதல் எண் கடலைச் சொல்கிறது, இரண்டாவது அடுப்பைச் சொல்கிறது. விலை பேசும்போது இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டின்னைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு மாதிரிக் கணக்கு. தாய்லாந்திலிருந்து 20 டன் சூரை டின் ராட்டர்டாமுக்கு வருகிறது. ஒரு டின் 160 கிராம் என்றால் மொத்தம் 1,25,000 டின்கள். துறைமுகத்தில் கிலோ 5 டாலர் என்று வைத்தால் சரக்கின் மதிப்பு 1,00,000 டாலர், ஒரு டின் 80 சென்ட். இதில் எது எவ்வளவு அசைகிறது?

முதலில், எல்லோரும் பழி போடும் கப்பல் வாடகை. 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்கு 40 அடிப் பெட்டியின் வாடகை 2023 இறுதியில் ஏறத்தாழ 1,500 டாலர். 2024 ஜூலையில் அது 8,000-ஐத் தாண்டியது. ஐந்து மடங்குக்கு மேல்! பத்திரிகைத் தலைப்புகள் அலறின. ஆனால் அந்த 6,500 டாலர் உயர்வை, அத்தகைய 40 அடிப் பெட்டி கொள்ளும் 25 டன் சரக்கின் மீது பரப்பினால் கிலோவுக்கு 26 சென்ட். டின் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 சென்ட். அவ்வளவுதான்.

அடுத்து மீன். டின் சூரைக்கு அடிப்படை வரிச்சூரை என்ற சிறிய இனம். பாங்காக்கில் உறைந்த மீனாக அது விற்கும் விலையைத்தான் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023 நடுவில் அது டன்னுக்கு 2,000 டாலரைத் தொட்டது, 2024 தொடக்கத்தில் 1,400 அளவுக்கு இறங்கியது. தலை, குடல், தோல், முள், கருஞ்சதை எல்லாம் கழித்து வேகவைத்தால் முழு மீனில் பாதிக்கும் குறைவாகவே டின்னுக்குள் போகும். 112 கிராம் சதை வேண்டுமானால் கால் கிலோ முழு மீன் தேவை. 1,400 டாலர் விலையில் அது 35 சென்ட், 2,000 டாலர் விலையில் 50 சென்ட். வித்தியாசம் 15 சென்ட். கப்பல் வாடகை ஐந்து மடங்கானபோது ஏறியதைப்போல நான்கு மடங்கு.

பிறகு நாணயம். சூரை டாலரில் விற்கிறது, சுவிஸ் கடை ஃபிராங்கில் விற்கிறது. 2025 தொடக்கத்தில் ஒரு டாலர் 0.91 ஃபிராங்க், அந்தக் கோடையில் 0.80. அதே 80 சென்ட் டின் 73 ராப்பனிலிருந்து (ஃபிராங்கில் நூறில் ஒரு பங்கு ராப்பன்) 64 ராப்பனுக்கு இறங்கியது. யாரும் எதுவும் செய்யாமலே 9 ராப்பன் மிச்சம். யூரோவில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் பெரிய நாள் ஒன்று நினைவில் இருக்கும்: 2015 ஜனவரி 15. ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்திருந்த சுவிஸ் தேசிய வங்கி அன்று காலை கையை எடுத்துவிட்டது. ஒரே நாளில் இத்தாலிய நெத்திலியும் போர்த்துகீசிய மத்தியும் எல்லையில் மலிவாகின. கடைத் தட்டில் மட்டும் விலைச்சீட்டு அவ்வளவு அவசரப்படவில்லை. ஆகவே எல்லை விலைக்கும் தட்டு விலைக்கும் இடையே சில மாத இடைவெளி இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏறும்போது அந்த இடைவெளி குறுகியதாகவும் இறங்கும்போது நீண்டதாகவும் இருப்பது மீனுக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை.

மத்தியின் கதை வேறு. அதில் மீனைவிட எண்ணெய் பேசும். 125 கிராம் மத்தி டின்னில் வடித்த எடை 90 என்றால் மீதி 35 கிராம் எண்ணெய். ஸ்பெயினில் 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்து வறட்சி. கிலோ 3 யூரோ சுற்றி இருந்த ஆலிவ் எண்ணெய் 2024 தொடக்கத்தில் 9 யூரோவைத் தொட்டது. டின்னுக்குள் இருக்கும் எண்ணெயின் விலை பத்து சென்டிலிருந்து முப்பதைத் தாண்டியது. இதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் கிடைப்பதே பாடாகிவிட்டது. அந்த ஆண்டுகளில் மத்தி விலையைக் கணிக்க விரும்பியவர் மீன்பிடி அறிக்கைகளை மூடிவைத்துவிட்டு அந்தலூசியாவில் மழை பெய்ததா என்று பார்த்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

டி-1 என்ற தாள்

இனி வரி. சுவிட்சர்லாந்தின் சுங்க வரி முறை விசித்திரமானது. பெரும்பாலான நாடுகள் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கும்போது, இங்கே நூறு கிலோ மொத்த எடைக்கு இத்தனை ஃபிராங்க் என்பதுதான் பொது விதி. மொத்த எடை என்றால் அட்டைப்பெட்டியும் தகரமும் சேர்த்து. டின் வியாபாரிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் விதி. நல்லவேளையாக மீன் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரி சுழியம். உணவுக்கான மதிப்புக்கூட்டு வரி மட்டும் உண்டு, 2024 ஜனவரி முதல் 2.6 சதவீதம்.

சுற்றியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலோ டின் சூரைக்குப் பொது இறக்குமதி வரி 24 சதவீதம், டின் மத்திக்கு 12.5 சதவீதம். நான்கு புறமும் நிலம் சூழ்ந்த நாட்டுக்கு வரும் தாய்லாந்துச் சூரை இந்த வரி மதிலைக் கடந்துதான் ஆகவேண்டும். அங்கேதான் டி-1 என்ற ஆவணம் வருகிறது. 1987-இன் பொதுப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி, "இந்தச் சரக்கு எங்கள் சந்தைக்கு வரவில்லை, எங்கள் நிலத்தின் வழியாகப் போகிறது" என்று ராட்டர்டாமில் பதிவு செய்து, பிணை கட்டி, முத்திரையிட்டு பாசலுக்கு அனுப்பினால் ஒன்றியத்துக்கு ஒரு காசு வரி கிடையாது. பாசலில் முத்திரை உடையாமல் ஒப்படைத்து, டி-1 முடித்து வைக்கப்பட்டால் பிணை விடுபடும்.

இந்தத் தாளை மறந்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன 1,00,000 டாலர் சரக்கையே எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்து மொத்த வியாபாரி ஒருவர் அதை ஏற்கெனவே ஒன்றியத்துக்குள் இறக்கி, 24,000 டாலர் வரி கட்டி, கிடங்கில் அடுக்கியிருக்கிறார். விலைப்பட்டியலில் வரி என்று தனி வரி இருக்காது, விலையோடு கரைந்திருக்கும். சுவிஸ் வியாபாரி அதை வாங்கிக்கொண்டு வந்தால், தன் நாட்டில் இல்லாத ஒரு வரியை வேறொரு நாட்டுக்குக் கட்டிவிட்டு வருகிறார். டின்னுக்கு 19 சென்ட். அது திரும்பியும் வராது. செங்கடல் நெருக்கடி ஏற்றியது 4 சென்ட், ஒரு தாளைக் கேட்காமல் விட்டது 19 சென்ட்.

சிறிய கடைக்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. முழு கன்டெய்னர் எடுக்க முதல் இல்லாதவர் ஐரோப்பிய மொத்தக் கடையில் பத்துப் பெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்படி எடுப்பவர் சரக்கின் தோற்றத்தையாவது பார்த்து எடுக்கலாம். ஈக்வடார் சூரைக்கு 2017 ஜனவரி முதல் ஒன்றியத்தில் வரி கிடையாது, வணிக ஒப்பந்தம் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் பிலிப்பைன்ஸ் சூரையும் வரியில்லாமல் நுழைகிறது. ஆகவே ஒன்றியத்துக்குள் இறக்கிய சரக்கை வாங்குவதானால் ஈக்வடாரோ பிலிப்பைன்ஸோ மேல். டி-1 வழியில் நேரே கொண்டுவருவதானால் தாய்லாந்துச் சரக்கையும் அதே தராசில் வைத்துப் பேரம் பேசலாம். மொராக்கோ மத்தியிலும் போர்த்துகல் மத்தியிலும் இந்த வித்தியாசம் எழாது. எந்தக் கதவு வழியாக வந்தாலும் அவற்றுக்கு வரியில்லை.

நிலம் சூழ்ந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையும், பிற நாட்டின் வழியாகச் சரக்கு கொண்டுபோகும் சுதந்திரமும் உண்டு என்று ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கை 125-ஆம் பிரிவில் சொல்கிறது. எழுத்தில் எல்லா நிலம்சூழ் நாடுகளுக்கும் ஒரே உரிமை. நடைமுறையில் கொல்கத்தா வழியாகக் கொண்டுவந்து பீர்கஞ்சில் இறக்கும் நேபாள வியாபாரி, 2015-இல் எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்தவர். பாசல் வியாபாரி அந்த வகையில் கொடுத்துவைத்தவர். அவருடைய கவலை ஆற்றின் தண்ணீர் மட்டம்.

காவுப் என்ற ஊரின் அளவுகோல்

பாசல் துறைமுகங்கள் வழியாக நாட்டின் இறக்குமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வருகிறது. ராட்டர்டாமிலிருந்து ரைனை எதிர்த்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் படகு ஏறிவர வேண்டும். வழியில் ஜெர்மனியின் காவுப் என்ற சிற்றூரில் ஆறு ஆழமில்லாமல் போகும். அங்கிருக்கும் அளவுகோல் காட்டும் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை என்று செய்தி படித்தவர்கள் திகைத்தார்கள். அந்த எண் அளவுகோலின் வாசிப்பு மட்டுமே. படகுப் பாதையின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். ஆனாலும் படகுகள் பாதிச் சுமையோடும் அதற்குக் குறைவாகவும்தான் போக முடிந்தது. 2022 ஆகஸ்டிலும் இதே கதை.

தண்ணீர் குறைந்தால் பெட்டிக்கு இத்தனை என்று குறைநீர்க் கட்டணம் ஏறும். 20 டன் பெட்டிக்கு அது 400 ஃபிராங்க் என்று வைத்தாலும் கிலோவுக்கு 2 ராப்பன், டின்னுக்கு மூன்றில் ஒரு ராப்பன். இங்கே பணத்தைவிட நாள்தான் அடிபடுகிறது. சரக்கு ரயிலுக்கு மாறும், ரயிலில் இடம் இருக்காது. தெற்கே ஜெனோவா வழியாக வருகிறவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 10 ஒரு பாடம். 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு அடித்தளச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயிலின் சக்கரம் உடைந்து தடம் புரண்டது. சுரங்கம் முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 ஆகிவிட்டது. லாரிக்கு மாற்றலாமே என்றால், இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரையும் ஞாயிற்றுக்கிழமையும் கனரக லாரிகள் ஓடக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். டின் மீன் கெட்டுப்போகாது, காத்திருக்கும். விளம்பரம் கொடுத்துவிட்ட சலுகை வாரம் காத்திருக்காது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் டின் சரக்கை ஆற்றிலும், புகையூட்டிய சால்மனைச் சாலையிலும் விட்டுவிட்டு, கோடை தொடங்கும் முன்பே இரண்டு மாத இருப்பைக் கிடங்கில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கருவாட்டின் கணக்கு

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இன்று சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். சூரிச், பேர்ன், பாசல் எங்கும் தமிழ்க் கடை உண்டு. முருங்கைக்காய்க்கும் உறைந்த இடியப்பத்துக்கும் நடுவே ஒரு தட்டு முழுவதும் நெத்தலி, கட்டா, சீலா, மாசி என்று பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்ட கருவாட்டுப் பொட்டலங்கள். வாடை வெளியே வரக்கூடாதே என்ற கவலை, மாடியில் குடியிருப்பவர்களை நினைத்து. இருநூறு கிராம் பொட்டலத்தின் விலையைப் பார்த்து ஊரிலிருந்து வந்த மாமி "இந்தக் காசுக்கு அங்க ஒரு கிலோ சீலா வாங்கலாமே தம்பி" என்பார். கடைக்காரர் சிரித்துச் சமாளிப்பார்.

அவர் சொல்லாமல் விட்ட கணக்கு இது. கருவாடு 0305-இல் வருகிறது, சுங்க வரி பெரிய விஷயமில்லை. ஆனால் அது விலங்குணவு. 2009 ஜனவரி முதல் சுவிட்சர்லாந்தும் ஒன்றியமும் ஒரே கால்நடை மருத்துவப் பரப்பு. வெளியிலிருந்து வரும் மீன் எந்த இடத்தில் முதலில் அந்தப் பரப்பைத் தொடுகிறதோ அங்கேயே சோதனை நடக்கும். கப்பலில் வந்தால் ராட்டர்டாம் போன்ற துறைமுகம், நேரே விமானத்தில் வந்தால் சூரிச் அல்லது ஜெனீவா விமான நிலையம். டி-1 தாள் சுங்கத்தைத் தாண்ட உதவும், இந்தச் சோதனையைத் தாண்ட உதவாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பெட்டியைத் துறைமுகத்தில் முடக்கிக்கொண்டவர்கள் உண்டு. ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள ஆலையில் பதப்படுத்தியிருக்க வேண்டும், சுகாதாரச் சான்று வேண்டும். சூரை, மாசி வகைகளில் ஹிஸ்டமின் அளவையும் பாதரசத்தையும் பார்ப்பார்கள். போதாததற்கு, மீன் எந்தப் படகில் சட்டப்படி பிடிபட்டது என்ற பிடிப்புச் சான்று. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016 ஜூனில் விலக்கியது. சுவிட்சர்லாந்து தனக்கென அப்படியொரு விதியை 2017 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்துகிறது.

இந்தச் செலவுகள் பெரும்பாலும் சரக்கு ஒன்றுக்கு இத்தனை என்ற கணக்கில் வருகின்றன. ஐம்பது கிலோ கருவாட்டுக்கும் ஐயாயிரம் கிலோ டின்னுக்கும் தாள் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதோடு விமான வாடகை. ஆகவே புள்ளிவிவரத்தில் இலங்கைக் கருவாட்டின் அலகு மதிப்பு உயர்ந்து தெரிந்தால், அது சீலாவின் மவுசு மட்டுமில்லை, பொட்டலத்தின் சிறுமையும்தான். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே சரக்காகக் கொண்டுவந்து பிரித்துக்கொண்டால் கிலோவுக்கு விழும் செலவு உடனே இறங்கும். யார் பெயரில் தாள் போடுவது என்பதில்தான் அந்த யோசனை வழக்கமாக உடைகிறது.

இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நாடுகளுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் 2024 மார்ச் 10-இல் கையெழுத்தாகி 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தூத்துக்குடியில் இருந்து பார்க்கிற ஏற்றுமதியாளருக்கு ஆசை எழுவது இயல்பு. மீனைப் பொறுத்தவரை குறைப்பதற்கு அங்கே வரியே பெரிதாக இல்லை. வாசலைத் திறப்பது ஆலைக்கான அங்கீகாரமும், கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் தரும் பிடிப்புச் சான்றும்தான். அந்த வேலை ஒப்பந்தத்துக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்

போர்த்துகீசியர்கள் சுவிட்சர்லாந்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உப்பிட்ட காட் இல்லாமல் விடியாது. அந்த மீன் பெரும்பாலும் வருவது நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் பொதுவான பேரென்ட்ஸ் கடலில் இருந்து. 2025-க்கு அங்கே பிடிக்க அனுமதித்த அளவு 3,40,000 டன், 1991-க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைவு. இந்த எண் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வெளியாகிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகும் டிசம்பர் விலையைப் பற்றி அக்டோபரில் பேசத் தொடங்குகிறவர் தாமதமாகிவிட்டார் என்று பொருள். மொராக்கோ மத்தியும் அப்படியே. டின் மத்தி ஏற்றுமதியில் உலகின் முதல் நாடான அங்கே 2022-க்குப் பிறகு மீன் வரத்து கடுமையாகச் சரிந்தது. ஆலிவ் எண்ணெய் இறங்கியும் மத்தி டின் பழைய விலைக்குத் திரும்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் போக, சுவிஸ் கடைக்காரருக்கு எல்லைக்கு அப்பால் ஒரு போட்டியாளர் இருக்கிறார். சூரிச்சிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரம். சனிக்கிழமைகளில் அங்குள்ள பேரங்காடி வாசலில் சுவிஸ் எண் பலகை போட்ட கார்கள் வரிசை கட்டும். 50 யூரோவுக்கு மேல் வாங்கியவர்கள் ஜெர்மன் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறப் பச்சைத் தாளில் முத்திரை குத்திக்கொண்டு வருவார்கள். ஆளுக்கு 300 ஃபிராங்க் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று இருந்ததை 2025 ஜனவரி 1 முதல் சுவிஸ் அரசு 150 ஆகப் பாதியாக்கியது.

காரின் பின்பெட்டியில் வரும் அந்தச் சூரை டின் சுவிஸ்-இம்பெக்ஸில் ஏறாது. ஆகவே 2025-இன் இறக்குமதி எடை கூடியதாகத் தெரிந்தால் மக்கள் கூடுதலாக மீன் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. முன்பு காரில் வந்தது இப்போது கன்டெய்னரில் வந்து கணக்கில் ஏறியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கான்ஸ்டன்ஸ் தட்டில் இருக்கும் தாய்லாந்து டின் ஒன்றியத்தின் 24 சதவீத வரியைக் கட்டிவிட்டு வந்தது, சூரிச் தட்டில் இருப்பது கட்டத் தேவையில்லாதது. அப்படியிருந்தும் கார்கள் சூரிச்சிலிருந்து கான்ஸ்டன்ஸுக்குத்தான் போகின்றன.